பூசணச் சுவருக்குச் சொந்தக்காரர்

தோன் எவாரிஸ்தோ லாரன்யாகாவின் பிள்ளைகள் இரண்டு பேர் இன்னும் லிமாவில்தான் இருக்கிறார்கள். இருவரும் படித்தவர்கள். அவர்கள் கண்ணில் படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர்களுடைய அப்பாவின் பெருமையைச் சொல்ல அல்ல. அழுக்குப் பிடித்தவள் என்று அவர் ஊரைக் கூட்டிச் சொல்லி வெளியே அனுப்பிய எர்மெலிந்தா பௌகார் என்ற தையல்காரியின் கதையைச் சொல்ல.

என்னைப் பற்றி முதலில் இரண்டு வரி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பதினான்கு வயதில் உருளைக்கிழங்கு லாரியில், மூட்டைகளின் மேல் உட்கார்ந்து மலையிலிருந்து இறங்கி வந்தேன். இன்றைக்கு எனக்கு நாலு மாடி வீடு இருக்கிறது. அதில் ஒரு செங்கல்லைக்கூட அடுத்தவன் வைக்கவில்லை. பூச்சு வேலையிலும் பெயிண்ட் வேலையிலும் பார்ரான்கோ வட்டாரத்தில் லாசரோ தாக்குரிக்கு மேல் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். படித்த இன்ஜினியர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எர்மெலிந்தா என் ஊருக்கு இரண்டு பள்ளத்தாக்கு தள்ளிப் பிறந்தவள். புருஷன் மீன்பிடிப் படகு ஒன்றில் வடக்கே போனான், போனவன் போனவன்தான். அவளிடம் இருந்தது ஒரு தையல் மிஷினும் நேரான கண்ணும். வருஷம் முழுக்கப் பள்ளிச் சீருடை தைப்பாள். ஆனால் அவளுக்குச் சோறு போட்டது ஊதா மாதம். அக்டோபரில் அற்புதங்களின் ஆண்டவர் ஊர்வலம் புறப்படும்போது லிமாவில் பாதிப் பெண்கள் ஊதா அங்கி உடுத்தி, இடுப்பில் வெள்ளைக் கயிறு கட்டிக்கொண்டு நடப்பார்கள். அந்த அங்கிகளை அவள் ஜூலையிலேயே தைக்க ஆரம்பித்து விடுவாள். தைத்ததை மடித்து அலமாரியில் அடுக்கி, செப்டம்பர் கடைசியில் கொடுப்பாள். மூன்று சாமியார் மடத்துக்காரர்கள்கூட அவளிடம்தான் வாங்கினார்கள்.

தோன் எவாரிஸ்தோவின் பழைய வீடு கடலை நோக்கி இறங்கும் சந்தில் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றி ஆறு குடித்தனம். எர்மெலிந்தா இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தாள். பிடித்தது பிப்ரவரியில். லிமாவில் அதுதான் கோடை, வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரும் அப்போதுதான் விடுவார்கள். வெயிலில் சுவர் காய்ந்து, புது பெயிண்டில் சிரித்துக்கொண்டு நிற்கும். பார்க்க வருகிறவர்களும் கையால் தடவிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஜூன் மாதம் குளிர் தொடங்கிக் கடல் மூட்டம் இறங்கினால்தான் எந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று தெரியும். வருஷா வருஷம் இதே தப்பைச் செய்கிற ஊர் இது. எர்மெலிந்தாவும் செய்தாள்.

முதல் இரண்டு குளிர்காலமும் வினிகர் போட்டுத் துடைத்துச் சமாளித்தாள். மூன்றாம் குளிர்காலத்தில் ஆகஸ்ட் மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"மேஸ்திரி, நம்ம ஊர்க்காரர்னு உங்கள கூப்பிட்டேன். துடைக்கிறேன், மறுபடி வருது. துடைக்கிறேன், மறுபடி வருது. எங்கிட்ட தப்பா, சுவத்துல தப்பா, நீங்க சொல்லுங்க."

உள் அறைக்குச் சன்னல் இல்லை. அந்தக் காலத்து லிமா வீடுகளில் உள் அறைக்குக் கூரைமேல் ஒரு கூண்டு கட்டி, தெற்குப் பக்கம் திறந்து வைத்திருப்பார்கள். வெளிச்சமும் கடல் காற்றும் அதன் வழியாகத்தான் இறங்கும். தோன் எவாரிஸ்தோ அந்தக் கூண்டை சிமென்ட் போட்டு அடைத்து, அதன் மேலேயே ஒரு அறை கட்டி மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அந்த அறைக்காக ஒரு தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் குழாய் சுவருக்குள்ளே இறங்கியது. காற்று போக வழி இல்லை, தண்ணீர் வர வழி இருக்கிறது.

நான் சுவரைத் தட்டினேன். ஊறிப்போன ரொட்டியைத் தட்டினது போல இருந்தது. ஆனால் வாயால் சொன்னால் வீட்டுக்காரன் நம்புவானா? ஒரு பிளாஸ்டிக் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்று புகாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டினேன்.

"மூணு நாள் தொடாத. அறையில இருக்கிற ஆவிதான் காரணம்னா தாளுக்கு மேல தண்ணி நிக்கும். சுவர்தான் காரணம்னா தாளுக்கு அடியில நிக்கும்."

மூன்றாம் நாள் போனேன். தாளுக்கு மேலே விரலால் தேய்த்தேன், உலர்ந்திருந்தது. அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். எர்மெலிந்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் இல்ல," என்றாள்.

"நீ இல்ல."

அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காது. அலமாரிக்குப் பின்னால் நகமளவு இடத்தைச் சுரண்டினேன். வெள்ளைக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே ரோஸ். அதற்கும் கீழே நீலம், மஞ்சள். ஒவ்வொரு நிறத்துக்கு நடுவிலும் கறுப்பாக ஒரு கோடு, பூசணம். பக்கத்துக் குடித்தனத்துக் காசிமிரா அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த வீட்டில் இருபது வருஷமாக இருக்கிறவள்.

"பச்சை அந்தச் செருப்புக் கடைக்காரன் இருந்தப்ப. ரோஸ், நர்ஸ் பொண்ணு. நல்ல பொண்ணு, பாவம், ஆஸ்பத்திரி மாதிரி வீட்ட வச்சிருந்துச்சு. அவங்க ரெண்டு பேரையும் அழுக்குன்னுதான் சொல்லி அனுப்பினாரு. நீலமும் மஞ்சளும் யாருன்னு மறந்துபோச்சு. அவங்களும் அழுக்குன்னுதான் போனாங்க."

தொட்டி வைத்த ஏழு வருஷத்தில் ஐந்து குடித்தனம், ஐந்து கோட் பெயிண்ட், ஒரே சாக்கு.

எர்மெலிந்தா வீட்டுக்காரரிடம் போய் மரியாதையாகத்தான் சொன்னாள். சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது, கூரையில் காற்று வழியைத் திறந்தால் சரியாகிவிடும் என்றாள். அவர் சிரித்தாராம்.

"ஏம்மா, நீ அயர்ன் பெட்டியில நாள் பூரா ஆவி விடுற. கதவ சாத்திக்கிட்டு மக்காச்சோளம் வேக வைக்கிற. துணிய உள்ளயே காயப் போடுற. சுவர் என்ன பண்ணும்? ஒப்பந்தத்த படிச்சுப் பாரு. உள்ள நடக்கிறதுக்கு நீதான் பொறுப்பு."

செப்டம்பர் கடைசியில் அலமாரியைத் திறந்தாள். நாற்பத்திரண்டு அங்கிகள். மடிப்பு மடிப்பாகச் சாம்பல் பூத்திருந்தது. ஊதாத் துணியில் பூசணம் விழுந்தால் துவைத்தாலும் நிழல் போகாது. ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு உடுத்துகிற அங்கியைக் கறையோடு யார் வாங்குவார்கள்? அங்கி வாங்க வந்த பெண்கள் முற்றத்தில் கூடி நின்றார்கள். அந்த நேரம் பார்த்து வாடகை வாங்க தோன் எவாரிஸ்தோ வந்தார். அவரும் ஊர்வலத்தில் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவர். அந்தப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த முகம்.

"மலையிலேருந்து எறங்கி வந்தவளுக்கு நல்ல அறைய குடுத்தா இதான் நடக்கும். சாமி துணியையே நாற வச்சிருக்கா பாருங்க. என் வீட்டு சுவத்தையும் இவ அழுக்கு தின்னுடுச்சு. இவகிட்டயா தைக்கக் குடுத்தீங்க?"

ஒருத்தி அங்கியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். எர்மெலிந்தா குனிந்து எடுத்தாள். அந்த வருஷம் மட்டுமல்ல, அதற்குப் பிறகு சீருடை தைக்கவும் யாரும் வரவில்லை. அழுக்கு என்று பெயர் வாங்கின தையல்காரியிடம் பிள்ளை உடுத்துகிற துணியை யார் கொடுப்பார்கள்?

அன்றைக்கு மாலை அவள் என்னிடம் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. அழவில்லை. ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே பேசினாள்.

"மேஸ்திரி, எனக்கு நஷ்டஈடு வேணாம். அந்த அறையும் வேணாம். அவரு வாயாலயே, அது என் சுவர், என் தப்புன்னு சொல்லணும். எந்த முத்தத்துல நின்னு சொன்னாரோ அந்த முத்தத்துல. அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மலைக்காரி என்றாரே, நான் மட்டும் எங்கிருந்து இறங்கி வந்தவன்?

நவம்பரில் சமாதான நீதிபதியிடம் மனு கொடுத்தாள். நீதிபதி தோன்யா பெர்பெத்துவா ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா, கறாரான பெண்மணி. ஒரே வரியில் சொன்னார்: "ஈரம் சுவத்துக்குள்ளேருந்து வந்தா வீட்டுக்காரர் பொறுப்பு. அறைக்குள்ளேருந்து வந்தா குடியிருக்கிறவங்க பொறுப்பு. நான் நேர்ல வந்து பாக்கணும்."

தோன் எவாரிஸ்தோவுக்கு முதுகுவலி வந்தது. அடுத்த தேதிக்குக் கல்யாணம் வந்தது. அதற்கடுத்த தேதிக்கு வக்கீல் ஊரில் இல்லை. ஜனவரி கடைசி வெயிலில் நீதிபதி வந்தபோது சுவர் எலும்பு போலக் காய்ந்திருந்தது. பூசணமும் பொடியாகிவிட்டது. கறையைக் காட்டினால், பழைய அழுக்கு என்றார் தோன் எவாரிஸ்தோ. நான் பிளாஸ்டிக் தாளைப் பற்றிச் சொல்லப் போகலாம் என்றேன். எர்மெலிந்தா தடுத்துவிட்டாள்.

"நீங்க வெளிய தெரியாதீங்க மேஸ்திரி. ஒங்கள அவருக்கு இன்னும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்."

எங்கள் ஊர்ப் பெண்களின் மூளை அப்படி. நானே பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நீதிபதி கண்ணில் எதுவும் படவில்லை என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே தோன் எவாரிஸ்தோ அடுத்த காகிதத்தை நீட்டினார். வீடு தனக்கே வேண்டும், தானும் மனைவியும் குடி வரப்போகிறோம், இவள் காலி செய்யட்டும். உண்மையில் ஒரு வங்கிக்காரனுக்கு இரண்டு மடங்கு வாடகைக்குப் பேசி வைத்திருந்தார். முற்றத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எர்மெலிந்தா எழுந்து நின்றாள்.

"காலி பண்றேன் அம்மா. ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. ஐயா சொன்னபடி ஐயாவும் வீட்டம்மாவும் ஒரு முழு வருஷம் அங்கயே குடியிருக்கணும். வேற யாருக்காவது விட்டா வீடு எனக்கே திரும்பணும்."

"அது சட்டம்தான்," என்றார் நீதிபதி. "எழுதுறேன். ஆள் அனுப்பிப் பாப்பேன்."

தோன் எவாரிஸ்தோ தோளைக் குலுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு மலைக்காரி இதை ஏன் கேட்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. அவருக்கு அவசரம்.

பிப்ரவரியில் அவள் மிஷினைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு சந்தைப் பக்கம் ஒரு மாடி அறைக்குப் போனாள். மறுநாள் காலை நான் நன்றாகச் சவரம் செய்துகொண்டு, புது தொப்பி போட்டுக்கொண்டு, தோன் எவாரிஸ்தோவின் கதவைத் தட்டினேன்.

"பெயிண்ட் வேலை இருக்குன்னு கேள்விப்பட்டேன் ஐயா. லாசரோ தாக்குரி."

"ஓ, ஒன்னைப் பத்திக் கேட்டிருக்கேன். கிராக்கி ஆசாமியாமே."

"ஒங்களுக்குக் கொறைச்சுப் பண்றேன்."

உள் அறைச் சுவரைத் தட்டினேன். அவர் மனைவி தோன்யா ஒதிலியா பக்கத்திலேயே நின்றாள். அவள் நிற்கும்போதுதான் கேட்டேன்.

"ஐயா, இந்தச் சுவத்துல ஏதாவது பழைய கோளாறு உண்டா? பூச்ச ஒடைச்சுப் பாக்கட்டுமா?"

"சுவத்துல ஒண்ணுமில்ல. முன்ன இருந்தவ அழுக்கு. மேல அடிச்சிட்டுப் போ."

"கூரைக் கூண்டு அடைச்சிருக்கே, அதத் திறந்தா..."

"ஒன்ன பெயிண்ட் அடிக்கக் கூப்பிட்டனா, வீடு கட்டக் கூப்பிட்டனா?"

"சரி ஐயா. கடைசியாக் கேக்குறேன். எண்ணெய் பெயிண்டா? உள்ள ஈரம் இருந்தா வெளிய வர விடாது. ஈரம் இல்லைனா பிரச்சினையே இல்ல."

"ஈரம் கிடையாதுங்கறேன். எண்ணெய் பெயிண்டே அடி. பளபளன்னு இருக்கட்டும்."

அடித்தேன். இந்தக் கையால் எத்தனையோ மாளிகைக்கு அடித்திருக்கிறேன், அவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை. தந்தக் கலர். தோன்யா ஒதிலியா அந்தச் சுவரின் பளபளப்பிலேயே முகம் பார்த்துக் கொண்டையைச் சரிசெய்தாள். அவர்கள் பெரிய மர அலமாரியை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். நகர்த்துவதற்கு நானே கை கொடுத்தேன்.

ஜூன் வந்தது. மூட்டம் இறங்கி முற்றத்துத் துணிக்கொடியில் சொட்ட ஆரம்பித்தது. காசிமிரா அம்மாள் வாரத்துக்கு ஒருமுறை சந்தைக்குப் போய் எர்மெலிந்தாவிடம் செய்தி சொன்னாள். நானும் வேலை முடிந்து அங்கே போவேன். சுடு பானத்தை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்பேன். சினிமா பார்ப்பதைவிட நன்றாக இருக்கும்.

"பெயிண்டு கொப்புளம் கொப்புளமா எழும்பியிருக்காம்."

"எங்க?" என்பாள் எர்மெலிந்தா.

"அலமாரிக்குப் பின்னால."

"கறுப்பா, பச்சையா?"

"இப்ப பச்சை."

"கறுப்பு ஜூலையில வரும்," என்று தைக்கக் குனிவாள்.

ஜூலையில் வந்தது. தோன்யா ஒதிலியாவின் கம்பளிக் கோட்டில், கல்யாணச் செருப்பில், ஜெபப் புத்தகத்தின் அட்டையில். அவரும் இருமினார், அவளும் இருமினாள். வேறிடம் போகலாமென்றால் நீதிபதியின் ஆள் மாதம் ஒருமுறை வந்து கதவைத் தட்டி, இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போனான். கூண்டைத் திறக்கலாமென்றால் மேலே இருக்கிற அறையை இடிக்க வேண்டும். இடித்தால் எர்மெலிந்தா சொன்னது சரி என்று ஆகிவிடும். அவர் சுவரைத் துடைத்தார். ஆமாம், தோன் எவாரிஸ்தோ லாரன்யாகா வாளியும் வினிகரும் வைத்துக்கொண்டு மண்டியிட்டுத் துடைத்தார். காசிமிரா அம்மாள் கதவிடுக்கில் பார்த்துவிட்டு வந்து, அவர் எப்படி மூச்சு வாங்கினார் என்று நடித்துக் காட்டினாள்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் தோன்யா ஒதிலியா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயில் அடிக்கிற சொசீக்காவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பினாள். முற்றத்தில் நின்று, எல்லாக் கதவும் திறந்திருக்கும்போதே கேட்டாள்:

"எட்டு வருஷமா குடியிருந்தவங்க அழுக்குன்னு சொன்னீங்க. இப்ப நான் குடியிருக்கேன். யாருங்க அழுக்கு? சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்."

 அந்த ஆளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தப்பு என்று ஒன்று இருந்தால் அதைத் தூக்கி அடுத்தவன் மடியில் வைக்காமல் அவரால் இருக்க முடியாது. எர்மெலிந்தா அதற்காகத்தான் காத்திருந்தாள். பத்து நாள் கழித்து நீதிபதியிடமிருந்து எனக்குச் சம்மன் வந்தது. மோசமான வேலை செய்து வீட்டைக் கெடுத்தேன் என்று புகார். நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்கு ஓடினேன். அவள் படித்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

விசாரணைக்கு எர்மெலிந்தா பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், காசிமிரா அம்மாளோடு. தோன் எவாரிஸ்தோ அவளைப் பார்த்தார். ஏன் வந்தாள் என்று புரியவில்லை.

"இவன் மேஸ்திரியே இல்ல," என்று ஆரம்பித்தார். "அஞ்சு மாசத்துல சுவர் பூரா பூசணம்."

நீதிபதி என் பக்கம் திரும்பினார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பணிவாக நின்றதில்லை.

"அம்மா, என் வேலையில தப்பில்ல. குடியிருக்கிறவங்க அழுக்கா இருந்தா பூசணம் வரும்னு ஐயாதான் எனக்குச் சொன்னாரு. வீட்டம்மா உள்ள சமைக்கிறாங்க, துணி காயப் போடுறாங்க. ஒருவேள அவங்க சுத்தம் கொஞ்சம்..."

"என் பொண்டாட்டிய அழுக்குங்கறியா நீ?"

"நான் சொல்லல ஐயா. நீங்க சொன்னதுதான். ஈரம் இல்லாத சுவர்னீங்க. அப்ப உள்ள இருக்கிறவங்கதானே காரணம்."

"உள்ள இருக்கிறவங்களாவது மண்ணாவது." அவர் மேசையை அடித்தார். "அந்தச் சுவர் மேல தண்ணித்தொட்டி வச்ச நாள்லேருந்து வேர்க்குது. எட்டு வருஷமா வேர்க்குது. யார் குடியிருந்தாலும் வேர்க்கும். மேஸ்திரின்னா அது தெரிஞ்சிருக்கணும், அதச் சரி பண்ணாம மேல எண்ணெய் பெயிண்ட..."

மூலையில் குமாஸ்தா எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவன் கை நின்றது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த நாள்லேருந்துன்னு சொன்னீங்க?"

  அவர் மெல்லத் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தார். எர்மெலிந்தா கையை மடியில் வைத்துக்கொண்டு நேராக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதியாச்சும்மா," என்றான் தட்டச்சு செய்கிறவன். "தொட்டி வச்ச நாள்லேருந்து. எட்டு வருஷமா. யார் குடியிருந்தாலும்."

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. கூண்டைத் திறக்க வேண்டும், குழாயை மாற்ற வேண்டும், இரண்டும் வீட்டுக்காரர் செலவு. என் மேல் புகார் தள்ளுபடி. அவர் சொன்னதை முறையாக எழுதி, அவரிடமே கையெழுத்தும் வாங்கினார்கள். எர்மெலிந்தாவின் பழைய மனுவையும் நீதிபதி எடுத்து வைத்துக்கொண்டார்.

"பாழான துணிக்கு ஈடு கேக்கிறியாம்மா? நீ திரும்பிக் குடி போகவும் வழி இருக்கு."

"வேணாம் அம்மா. ஐயா சொன்னத எழுதியிருக்கீங்கள்ல, அந்தக் காகிதத்த முத்தத்துல நின்னு ஐயாவே படிக்கணும். அது போதும்."

தோன் எவாரிஸ்தோ பணம் தருகிறேன் என்றார். இரண்டு மடங்கு என்றார். குரலைத் தாழ்த்தி, தாயே என்றுகூடச் சொன்னார். நான் அதை இரண்டு காதாலும் கேட்டேன். அவள் தலையசைக்கவே இல்லை. ஊர்வலக்காரர்கள் முன்னால் மானம் போகுமே என்று வக்கீல் இழுத்தார். "எனக்குப் போச்சே," என்றாள். நீதிபதி அவள் கேட்டதையே தீர்ப்பில் எழுதினார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்புகிற நேரம். ஆறு குடித்தனமும் வாசலில். போன வருஷம் அங்கி வாங்க வந்த பெண்களை எர்மெலிந்தாவே வீடு வீடாகப் போய் அழைத்திருந்தாள். செருப்புக் கடைக்காரனை நான் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தேன். நர்ஸ் பெண் தானாகவே வந்துவிட்டாள். தோன் எவாரிஸ்தோ கறுப்புச் சூட்டில் வந்து குழாயடியில் நின்றார். 

முதல் தடவை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றாள் எர்மெலிந்தா.

இரண்டாம் தடவை வேகமாக ஓட்டினார். மலையிலிருந்து வந்தவர்களுக்கு வேகமாகப் படித்தால் புரியாது, நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். சிலர் சிரித்தார்கள்.

மூன்றாம் தடவை வார்த்தை வார்த்தையாகப் படித்தார். அந்தச் சுவர் எட்டு வருஷமாக வேர்க்கிறது. யார் குடியிருந்தாலும் வேர்க்கும். வீட்டின் உரிமையாளராகிய நான் அதை அறிந்திருந்தேன். கடைசி வரியில் குரல் உடைந்தது. எழுபது வயது ஆள். காசிமிரா அம்மாள்கூட, போதும் விட்டுவிடு என்பது போல எர்மெலிந்தாவின் கையைத் தொட்டாள். என்னைக் கேட்டிருந்தால் நான் இன்னும் நாலு தடவை படிக்க வைத்திருப்பேன்.

அவர் காகிதத்தை மடிக்கப் போனார்.

"கீழ தேதி இருக்கு," என்றாள் எர்மெலிந்தா. "கையெழுத்து யாருதுன்னும் இருக்கு. அதையும் படிங்க."